இரண்டாவது கோல்கீப்பரின் பேன்கேக்

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டாவது கோல்கீப்பருக்கு வேலை அதிகமில்லை. போட்டிக்கு முன் முதல் கோல்கீப்பருக்குப் பந்து உதைத்துக் கை பழக்க வேண்டும். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். கைதட்டுவதில் நன்றாகத் தேறிவிட்டேன்.

முதல் கோல்கீப்பர் என் அக்கா. பிறந்ததிலும் அவள்தான் முதல், ஒன்றரை வருஷம் முந்திக்கொண்டாள். ஒரே கல்லூரி, ஒரே அணி, ஒரே அறை. சலவைக் கடைக்கு மேலே மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே இயந்திரங்கள் ஓடுவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பாடப் புத்தகம்கூடச் சோப்பு மணக்கும். அணியில் எனக்கு ‘ஸ்பேர்’ என்று பெயர். கோபப்பட்டால் அந்தப் பெயர் நிலைத்துவிடும் என்று சிரித்துவைத்தேன். நிலைத்துவிட்டது.

இன்று அக்கா தன் கையுறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். கடைசித் தடவை தண்ணீர் தெளிவாகவே வந்தது.

“எதுக்குக்கா?”

“நாத்தம் போகலடி.”

முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை. இந்த வீட்டில் வேறென்ன வாசனை வரும்?


செப்டம்பர் 13, சனி

ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம். அக்கா ஐந்தாறு பந்துகளைப் பறந்து பிடித்தாள். போட்டிக்கு முன் கழிவறையில் வாந்தி எடுத்தாள். கதவுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். இதுவும் இரண்டாவது கோல்கீப்பர் வேலையில் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

முடிந்ததும் கோச் என் தோளைத் தட்டி, “உங்க அக்காவப் பாத்துக் கத்துக்கோ” என்றார்.

கற்றுக்கொண்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வர வேண்டும்.


செப்டம்பர் 17, புதன்

அம்மா போன் செய்தாள். அம்மா பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறாள். யார் முகத்தைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். அக்கா வீடியோவில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். “நல்லா தூங்கறேன்மா, நல்லா சாப்பிடறேன்மா, செலக்டருங்க வரப்போறாங்களாம், ஆமா, பெரிய டீமுக்கு.” போனை வைத்ததும் முகம் கடை ஷட்டரை இறக்கியது மாதிரி இறங்கியது. சத்தம் மட்டும்தான் கேட்கவில்லை.

தூங்குவதில்லை. சாப்பிடுவதும் இல்லை. ஒரு ஆப்பிளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கையில் வைத்திருந்தாள். பிறகு பழக்கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டாள். எந்த ஆப்பிள் என்று எனக்குத் தெரியும். அதை நானும் சாப்பிடவில்லை.


செப்டம்பர் 20, சனி

பந்து உருண்டு வந்தது. உருண்டு என்பதுகூட அதிகம். நடந்து வந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரி ஒருத்தி உண்டு, நல்ல அகலம், அவளைக் ‘கதவு’ என்று கூப்பிடுவோம். கதவு தன் பந்தை அக்காவிடம் தட்டிவிட்டாள், அவ்வளவுதான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பந்து அவள் காலுக்குப் பக்கத்தில் போய், கோட்டைத் தாண்டி, வலையில் சாய்ந்து நின்றது.

யாருக்கும் கத்தக்கூடத் தோன்றவில்லை. எதிரணிகூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதித்தது.

பஸ்ஸில் கேட்டேன். “பந்து தெரியலியா?”

“தெரிஞ்சுது. யாரோ எடுப்பாங்கன்னு நெனச்சேன்.”


செப்டம்பர் 21, ஞாயிறு

அக்கா எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, தொட்டுப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

வீட்டில் மாவும் முட்டையும் பாலும்தான் இருந்தன. பேன்கேக் செய்யலாமென்று முடிவெடுத்தேன். முன்பின் செய்ததில்லை. எங்கள் அடுப்பில் ஒரு பர்னர்தான் எரியும், அதுவும் எரிந்தால் ஒரேயடியாக எரியும். வெண்ணெய் போட்டேன், புகைந்தது. மாவை ஊற்றினேன், அது ஓடிப்போய் ஒரு ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டது. திருப்பப் பார்த்தேன், பாதிதான் திரும்பியது. மேலே பச்சை மாவு, கீழே கரி. நடுவில் என்னவென்று பார்க்கத் தைரியமில்லை.

இரண்டாவதும் கருகும்போது படுக்கையிலிருந்து குரல் வந்தது.

“அடுப்பைக் கொற.”

நேற்று பஸ்ஸுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. குறைத்தேன். மூன்றாவதைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். பாதி தின்றாள். “செருப்பு மாதிரி இருக்கு” என்றாள். மீதியையும் தின்றாள்.


செப்டம்பர் 22, திங்கள்

வகுப்புக்கு வரவில்லை. சொல்லாதே என்றாள். யாரிடம், எதை என்று கேட்கவில்லை.


செப்டம்பர் 24, புதன்

கோச் கேட்டார். “உங்க அக்காவுக்கு என்ன?”

“வயித்து வலி மேடம்.”

“மூணு நாளாவா?”

“விட்டு விட்டு வருது மேடம்.”

எனக்குப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. ஆனால் வேறென்ன சொல்வது? அக்காவால் முடியவில்லை மேடம், அவளை நிறுத்துங்கள் என்றா? நிறுத்தினால் யார் நிற்பது? நான். அப்படியானால் அதைப் போய்ச் சொல்வதும் நானா? கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் எதற்காகச் சொல்கிறேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியுமா?

கல்லூரியில் ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறார். ஜெராக்ஸ் அறைக்குப் பக்கத்து அறை. இன்று அந்த வழியாகப் போனேன். போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தேன். என்னத்தை ஜெராக்ஸ் எடுத்தேன் என்று கேட்டால், பஸ் பாஸை. தேவையே இல்லை.


செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே கருக்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமையே எனக்கு ஒரு சந்தேகம். அக்காவால் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியும், ஒரு வேலை தப்பாக நடப்பதை மட்டும் முடியாது. சின்ன வயசில் என் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிவிடுவாள். அதனால் அடுப்பை முழுசாகத் திருகி, மாவை ஊற்றி, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன். புகை வந்தது. கண்டுகொள்ளவில்லை.

“ஏய்.”

பார்த்தேன். வேடிக்கையைத்தான்.

“ஏய் எருமை, பத்திக்கப் போகுது!”

எழுந்தே வந்துவிட்டாள். போர்வையோடு. என்னை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு வாணலியைத் தூக்கித் தொட்டியில் போட்டாள். மாவை மோந்து பார்த்தாள், பால் விட்டாள், முள்கரண்டியால் கலக்கினாள். கட்டி இருந்தால் இருக்கட்டும், ரொம்பக் கலக்கினால்தான் செருப்பாகும் என்றாள். எங்கே படித்தாள் என்று தெரியவில்லை. வாணலியை அலம்பி எடுத்து, சிறு தீயில் ஊற்றி, மேலே குமிழி வந்து உடைந்து, ஓட்டை மூடாமல் நிற்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு திருப்பினாள். ஒரே திருப்பு. பொன் நிறம்.

“இதுக்கு என்னடி கஷ்டம்?”

“எனக்கு வரலக்கா.”

நாலு தின்றாள். நான் மூன்று. தொட்டியைக் கழுவியது நான்.


அக்டோபர் 4, சனி

புதன்கிழமையிலிருந்து அக்கா மறுபடி பயிற்சிக்கு வந்தாள், இன்று போட்டியிலும் நின்றாள். பாதி ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கையுறையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். கோச் பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அக்கா எழவில்லை.

“கை உள்ள போகமாட்டேங்குது” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். கை நடுங்கவில்லை, வீங்கவில்லை. கையுறையின் வாய் திறந்துதான் இருந்தது. அவள் கை மடியிலேயே இருந்தது, அடுத்தவர் கை மாதிரி.

“வயித்து வலி” என்று கோச்சிடம் சொன்னேன். இந்தத் தடவை அக்காவே தலையாட்டினாள்.

இரண்டாவது பாதி நான் நின்றேன். கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷத்தில் முதல் தடவை. கோல் விடவில்லை. ஒரு பந்து மூலையை நோக்கி வந்தது, என் விரல் நுனி பட்டு வெளியே போனது. அந்த விரல் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதுகிறேன். அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் அக்காவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஊதல் ஊதியபோது வருத்தமாக இருந்தது, முடிந்துவிட்டதே என்று.


அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் அக்காவேதான் மாவு கலக்கினாள். எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. முட்டாள். முதல் பேன்கேக்கை ஊற்றிவிட்டு, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள், “எழுந்திருக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதுடி.”

“காலேஜுக்கு லீவு போட்டுக்கலாம்கா” என்றேன்.

“இன்னைக்கு இல்ல. எப்பவுமே.”

திருப்பினாள். அழகாகத் திரும்பியது.

“ரொம்ப நாளா?”

“கோடை லீவுலேர்ந்து.”

“ஏதாவது… செஞ்சுக்கணும்னு…?”

“தெரியல. சில நாள் தோணும். பயமா இருக்கு. நீ சாப்பிடு, ஆறிடும்.”

நான் சாப்பிட்டேன்! வேற என்ன செய்யறதுன்னு தெரியல. வாய்ல வெச்சேன், மென்னேன், முழுங்கினேன். அவ தட்டுல இன்னொண்ணு போட்டா. நல்லா இருக்கான்னு கேட்டா. நல்லா இருக்குன்னேன். என்ன பொண்ணு நான்? கட்டிப் பிடிச்சிருக்கணும். ஏதாவது பேசியிருக்கணும். கோடை லீவுலேர்ந்துன்னா — நாங்க ஒரே அறையில படுக்கறோம். கை நீட்டினா தொடற தூரம்.

யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா. சரின்னு சொன்னேன்.

இல்லை. சொல்லப்போறேன்.


அக்டோபர் 6, திங்கள்

அக்காவை வகுப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். கதவு அதே வகுப்பு. “இவ எங்க போனாலும் நீயும் போ, ஏன்னு கேக்காதே” என்றேன். “சரி” என்றாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பந்தை விட்டுவிடுவாள், ஆளை விடமாட்டாள்.

ஜெராக்ஸ் அறையைத் தாண்டிப் போனேன். ஆலோசகர் என் அம்மா வயசுக்காரர். நான் உட்காருவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்று வலிப் பொய் உட்பட. கடைசியில், “நான் ரெண்டாவது கோல்கீப்பர். அவ நின்னுட்டா எனக்குத்தான் இடம். அதுக்காகச் சொல்லல. இல்ல, தெரியல. அதுக்காகவும் இருக்கலாம்” என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். “எதுக்காகச் சொன்னேங்கறத அப்புறம் ஒருநாள் உக்காந்து பேசலாம். இப்ப உங்க அக்கா எந்த ரூம்ல இருக்கா?”

செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். அவர் நடையைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

கோச்சிடமும் சொன்னேன். கோச் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார். “ரெண்டு வார வயித்து வலின்னு நானும் நம்பிட்டேன் பாரு. நம்பினா எனக்கு வசதி” என்றார். அவர் குரல் அப்படி நான் கேட்டதில்லை.


அக்டோபர் 7, செவ்வாய்

அக்கா பேசியது மொத்தம் ஒரு வாக்கியம்.

“என் எடம் வேணும்னா கேட்டிருக்கலாமேடி.”

பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் அவள் சமாதானப்படுத்த வருவாள், அவளுக்கு அந்த வேலை வேறு எதற்கு.


அக்டோபர் 8, புதன்

ஆலோசகர் போனில் சொன்னதும் அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். பல்லைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நேரே கண்ணைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

“என்கிட்ட ஏண்டி சொல்லல?”

“நீ சந்தோஷமா இருந்தேம்மா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தே, என் பொண்ணு பெரிய டீமுக்குப் போறான்னு.”

அம்மா அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்காது என்று நினைப்பு. எங்கள் வீடு மொத்தமே இரண்டு அறை.

மதியம் மூன்று பேரும் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனோம். அக்காவோடு தனியாக ரொம்ப நேரம் பேசினார். வெளியே நானும் அம்மாவும் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு எங்களையும் கூப்பிட்டார். இது நோய், மருந்து இருக்கிறது, மெதுவாகத்தான் கேட்கும், கொஞ்ச நாளைக்குத் தனியாக விட வேண்டாம், மறுபடி அந்த எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்றார். “எதனால டாக்டர்? அந்தக் கோலாலயா?” என்று அம்மா கேட்டாள். “கோல் விட்டதால நோய் வரலம்மா. நோய் வந்ததால கோல் போயிருக்கும்” என்றார்.

அக்கா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.


அக்டோபர் 11, சனி

முதல் கோல்கீப்பராக என் முதல் போட்டி. நாலுக்குப் பூஜ்யம். பூஜ்யம் எங்களுடையது.


அக்டோபர் 14, செவ்வாய்

அக்கா என்னோடு இன்னும் பேசவில்லை. அம்மாவோடு பேசுகிறாள். காலையில் பேன்கேக் செய்கிறாள், அம்மாவுக்கும் அவளுக்கும் கணக்காக. அம்மாவுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. “பேன் கேக்கா? கேக்குல எதுக்குடி பேன்?” அக்காவின் உதடு கொஞ்சம் கோணியது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து தினமும் அதே கேள்வியைக் கேட்கிறாள். இன்று மூன்றாவது நாள். எனக்கே சலித்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் கோணுகிறது.

அம்மா தன் தட்டிலிருந்து பாதியை எனக்கு வைத்தாள். அக்கா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன்.


அக்டோபர் 23, வியாழன்

அப்பா வந்தார். அப்பா லாரி ஓட்டுகிறார், பாதி நாட்டைத் தாண்டி வந்திருக்கிறார். சலவைக் கடைக்கு முன்னால் லாரியை நிறுத்த, தெருவே அடைத்துக்கொண்டது. பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பார் போல. அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அது வந்தும்மா…” என்று ஆரம்பித்தார். மறந்துவிட்டது. “அது வந்து…” என்றார் மறுபடி. பிறகு அப்படியே சரிந்து அக்காவின் தலையணையில் தூங்கிப்போனார்.

மதியம் முழுக்கக் குறட்டை. அக்கா நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படித்தான் தூங்கறாரோ” என்றாள். “கேட்டுக்கணும்.”

அறையில் விழித்திருந்த இன்னொரு ஆள் நான் மட்டும்தான். ஆகவே அது என்னிடம் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். அவசரப்பட்டு எதுவும் பதில் சொல்லிக் கெடுத்துவிடவில்லை.


நவம்பர் 2, ஞாயிறு

மாத்திரையால் வாய் உலர்கிறது, பகலில் தூக்கம் வருகிறது என்கிறாள். ஆனால் ராத்திரியும் தூக்கம் வருகிறது. அது புதுசு. கையுறையை இப்போது கழுவுவதில்லை. கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறாள்.

இன்று காலை போனும் கையுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் நாலு கோல் விட்ட போட்டியின் வீடியோ.

“இதப் பாரு. இங்க ஏன் கோட்டு மேலயே நிக்கற? வெளிய வரணும். பந்து உனக்காக டாக்ஸி பிடிச்சு வருமா?”

“பயமா இருந்துச்சு.”

“தெரியுது. முட்டி ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணுக்கு வந்த மாதிரி.”

மூன்றாவது கோல் வரைக்கும் திட்டினாள். நாலாவதற்குள் களைத்துப்போய்ப் படுத்துவிட்டாள். படுத்தபடியே சொன்னாள், “அன்னைக்குச் சொன்னது தப்பு.”

“எது?”

“எடம் வேணும்னு.”

“கொஞ்சம் வேணுந்தான்கா இருந்துச்சு.”

“தெரியும். எனக்குத் தெரியாதா?” திரும்பிப் படுத்துக்கொண்டாள். “இருந்தாலும் நீ சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லாட்டி…” அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

மதியம் வரைக்கும் பாத்திரம் கழுவினேன். கழுவினதையே கழுவினேன்.


நவம்பர் 9, ஞாயிறு

அணியிலிருந்து பார்க்க வருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் வேண்டாம் என்றாள் அக்கா. கதவும் கேப்டனும் வந்தார்கள். பின்னாலேயே கோச், கையில் ஒரு அட்டை முட்டையோடு. என்ன வாங்கிப் போவதென்று தெரியவில்லையாம்.

அக்கா அடுப்படியில் நின்றாள், நான் தட்டு கொடுத்தேன். நாலு பேர் மெல்லுகிற சத்தம். கதவுதான் ஐந்தாவதைத் தின்றுகொண்டே சொன்னாள், “போட்டிக்கு முன்னாடி நானும் வாந்தி எடுப்பேன். ரெண்டு வருஷமா.”

“நீயா?” என்றாள் அக்கா.

“பக்கத்து டாய்லெட்டு. நீ தண்ணி திறந்து விடுவ பாரு, அந்தச் சத்தத்துல நானும் எடுத்துடுவேன்.”

கேப்டன், தான் போட்டிக்கு முந்தின நாளெல்லாம் அழுவதாகவும், அது எல்லோருக்கும் உள்ளதுதான் என்று நினைத்ததாகவும் சொன்னாள். “எல்லாருக்கும் இல்லியா?” என்று எங்களைச் சுற்றிப் பார்த்தாள். கதவு அவள் தட்டில் இன்னொரு பேன்கேக்கை வைத்தாள்.

கோச் தட்டைக் கீழே வைத்தார். “எனக்கு இதெல்லாம் பேசத் தெரியாது. விசில் ஊதித்தான் பழக்கம். நான் ஆடின காலத்துல கால்ல அடிபட்டா மட்டும்தான் அடி.” தட்டை மறுபடி எடுத்துக்கொண்டார். “ஆலோசகர இனிமே வாரம் ஒருநாள் கிரவுண்டுக்கே வரச் சொல்லியிருக்கேன். ஜெராக்ஸ் ரூம் பக்கம் போக யாருக்கும் கால் வரலன்னு தெரியுது.”

என்னைப் பார்த்துச் சொன்னார். பஸ் பாஸ் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது?


நவம்பர் 22, சனி

அக்கா மைதானத்துக்கு வந்தாள். ஆட அல்ல. கோலுக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். ஆட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னாலிருந்து திட்டு. “வெளிய வா! வெளிய வாடி! கைய மடக்காத!” நடுவர் வந்து எச்சரித்தார். “என் தங்கச்சி சார்” என்றாள். அது விதியில் இருப்பது மாதிரி சொன்னாள்.

ஒன்றுக்கு ஒன்று. பரவாயில்லை.


டிசம்பர் 3, புதன்

மறுபடி சுவர். இரண்டு நாளாக. குளிக்கவில்லை. அம்மா ஊருக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகிறது.

வேண்டுமென்றே கருக்கிப் பார்த்தேன். “வேணுன்னேதானே பண்ற?” என்றாள் படுத்தபடியே. எழவில்லை. அந்த வித்தை தீர்ந்துபோயிற்று.

ஒன்றும் செய்யாமல் அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். தரை வெதுவெதுப்பாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, “டாக்டருக்கு நீ போன் பண்றியா? என்னால பேச முடியல” என்றாள்.

அவளே கேட்டாள். நானாகப் போய்ச் சொல்லவில்லை. அவளே கேட்டாள். போன் செய்தேன். நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார். இப்படிப் போய்ப் போய் வரும், வந்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்றார்.

கருகியதை நானே தின்றேன்.


ஜனவரி 14, புதன்

மருந்தை மாற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கேட்கிறது. இன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு வருகிறாள்.

கோச் கேட்டார். “இப்போதைக்கு ரெண்டாவது கீப்பரா இருக்கியா? கட்டாயமில்ல.”

“இருக்கேன் மேடம்.”

அக்கா எனக்குப் பந்து உதைத்துக் கை பழக்கினாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கைதட்டவே வரவில்லை. தாளமும் கிடையாது, நேரமும் கிடையாது. சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.


பிப்ரவரி 6, வெள்ளி

அக்கா கோச்சிடம் நேரே போய்ச் சொன்னாளாம், “டெஸ்ட் வைங்க மேடம். எங்க ரெண்டு பேருக்கும். யாரு நல்லா பிடிக்கறாளோ அவ நிக்கட்டும்.”

கோச் ஆலோசகரைக் கேட்டார். ஆலோசகர் அக்காவையே கேட்டார். தோற்றுப்போனால் என்ன ஆகும் என்றாராம். “வயிறு எரியும்” என்றாளாம் அக்கா.

என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு இப்போதே எரிகிறது. பாதி சீசன் அந்த வலைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். முட்டியெல்லாம் தழும்பு. வெளியே வரப் பழகியிருக்கிறேன். இப்போது வந்து…

அவளுக்கு விட்டுக்கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“விட்டுக்குடுத்தே, சாப்பாட்டுல உப்பு போடமாட்டேன். வாழ்நாள் முழுக்க.”


பிப்ரவரி 13, வெள்ளி

ஆளுக்குப் பத்து பெனால்டி. கதவும் கேப்டனும் மாறி மாறி உதைத்தார்கள். அக்கா உள்ளே போவதற்கு முன் கையுறையை மாட்டினாள். நான் பார்க்காதது மாதிரி பார்த்தேன். மாட்டிவிட்டாள். சாதாரணமாக.

அவள் நாலு பிடித்தாள். நான் ஐந்து.

அணி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அக்கா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அம்மா கேட்டிருந்தால் பல்லைத் தட்டியிருப்பாள். கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தாள், கோல் கம்பத்தை ஒரு உதை உதைத்தாள், கால் வலித்ததும் அதற்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

கோச் பக்கத்தில் போனார். “நல்லா இருக்கியா?”

“இல்ல மேடம். கோவமா இருக்கு. கடைசிப் பந்து என் கையில பட்டுப் போச்சு.” மூச்சு வாங்கினாள். “அடுத்த டெஸ்ட் எப்ப?”

“மார்ச்சுல வைக்கலாம்.”

“மார்ச்சுல என்ன தேதி?”

கோச் யோசித்து ஒரு தேதி சொன்னார். அக்கா போனை எடுத்து அதில் குறித்துக்கொண்டு, அலாரமும் வைத்தாள். ஒன்றல்ல, இரண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குத் தரவில்லை. நானும் போனை எடுத்து அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டேன். நாளைக் காலையிலிருந்து கூடுதலாக ஒரு மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும்.